யாரும் கேட்காத பக்கம்

எழுபத்தெட்டு வேக இசைத்தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கூடாது. இந்தப் பாடத்தை ஒரு தட்டைப் பலிகொடுத்துத்தான் படித்தேன்.

ஐப்பசி அடைமழை. கோத்தகிரியில் இரண்டு வாரமாக வெயில் தலைகாட்டவில்லை. மாமா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மக்கிய காகித வாடை முகத்தில் அடித்தது. உறைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. தட்டுகளின் மேல் அது வட்டம் வட்டமாக, கோலப்பொடி கொட்டினாற்போல. சமவெளியில் இருப்பவர்களுக்கு வெயில்தான் பகை. சன்னலோரம் மறந்து வைத்த தட்டு ஒரே மதியத்தில் அப்பளமாக நெளிந்துவிடும். எங்கள் மலையில் எந்தத் தட்டும் நெளிவதில்லை, எல்லாம் பூக்கும். எல்.பி. தட்டுக்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர் நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம். மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, மேலாக இருந்த தட்டை ஒரு சுற்று துடைத்தேன். பூஞ்சணம் போயிற்று. இரண்டாவது சுற்றில் பஞ்சு டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது. மூன்றாவது சுற்றில் விரல் ஒட்டியது.

மாமா எட்டிப் பார்த்தார்.

"அது அரக்குடா மாப்ள. ஆசாரி மேசைக்கு பாலிஷ் போடறதுக்கு அரக்க எதுல கரைக்கிறாரு? இதே ஸ்பிரிட்டுலதான்."

துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாளிகையின் அதே அரக்கு. பலாசு, குசும், இலந்தை மரக் கிளைகளில் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூட்டைச் சுரண்டி, உருக்கி எடுப்பது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் அதைச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான பாட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் அச்சாகிக் கப்பலில் திரும்பின. இந்தியாவிலேயே அச்சடிக்கும் ஆலை கல்கத்தாவின் சியால்டாவில் 1908இல்தான் வந்தது. நம் காட்டுப் பிசின் கடல் கடந்து போய், நம் பாட்டாக விலைபோட்டு வந்தது.

தட்டில் அரக்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் கல்தூளும் கரியும். கல்தூள் இரும்பு ஊசியை அரைத்துவிடும். அதனால் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்ற வேண்டும், டப்பி டப்பியாக ஊசி வாங்க வேண்டும். கேத்தி ஊசிக் கம்பெனிதான் உலகத்துக்கே கிராமபோன் ஊசி செய்து தருகிறது என்று பள்ளிக்கூட நாட்களில் நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே செய்தது தையல் ஊசியும் ஸ்வெட்டர் பின்னும் ஊசியும். அது தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் சாமானியமானதல்ல.

மாமாவுக்கு அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்குபிரித்தார்கள். ஐந்தே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம். பிறகு 1974இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் காட்டைத் திருத்தி, 1968இல் அரசு தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதைத்தான் இன்று டான்டீ என்கிறோம். என் தாய்வழிக் குடும்பம் 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. ஆள் ஆளுக்கு ஒரு மூட்டை. மாமாவுக்கு இருபத்துமூன்று வயது. அவர் கொண்டுவந்தது தட்டுப்பெட்டி. பாட்டி அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாளாம், "அண்டா குண்டானக் கொண்டாராம பிளேட்டக் கொண்டாந்தானே பாவி" என்று.

எங்கள் ஊரில் இசைத்தட்டை இசைத்தட்டு என்று சொன்னவர் வானொலி அறிவிப்பாளர் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது பிளேட்டு, இல்லையென்றால் ரிக்கார்டு. கருவி தொலைந்து முப்பது வருடமான பின்னும் சொல் தொலையவில்லை. சொன்னதையே சொல்பவரைக் கீறல் விழுந்த ரிக்கார்டு என்கிற பையன், கீறல் விழுந்த ரிக்கார்டைக் கேட்டதே இல்லை. திருவிழாவில் இன்றும் ரிக்கார்டு டான்ஸ் நடக்கிறது, பென் டிரைவில்.

வந்த ஊரில் மாமாவுக்குப் பிடிமானமாக இருந்தது சிலோன் ரேடியோ. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தீட்டு என்று ஒதுக்கியபோது, அந்த இடத்தை நிரப்பியது கொழும்பு. 1957இல் விவித பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் அதன் பிடி தளரவில்லை. மலை உச்சியில் அது தெள்ளத் தெளிவாக எடுக்கும். எந்த நாட்டில் பிறந்தாரோ, எந்த நாடு போ என்றதோ, அந்த நாட்டின் ரேடியோ மட்டும் காலை மாலை அவரைத் தேடி வந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை மாமா மனப்பாடமாகப் பேசுவார். அந்த அறிவிப்பாளர் ஆசைதான் அவரை சவுண்ட் சர்வீஸ் வைக்கத் தூண்டியது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் கையாக ஒரு ஆஹூஜா ஆம்ப்ளிபயர், கார் பேட்டரி, சாவி கொடுத்து ஓட்டும் தட்டுமேடை, இரண்டு கூம்புக் குழாய். லயத்துக்குக் கரண்டு வராத காலம். சாவி முறுக்கினால் தட்டு சுற்றும், பேட்டரி சத்தத்தை ஏற்றும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தோட்டத்து மாரியம்மன் பண்டிகை. முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. ஆடி மாதமானால் எல்.ஆர். ஈஸ்வரி. சந்தனக்கூடு என்றால் நாகூர் ஹனிபா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கட்டபொம்மன் வசனத் தட்டு. சில தட்டுகளை மாமா இலங்கையிலிருந்து கொண்டுவந்தார், மிச்சத்தைக் கோயம்புத்தூரில் வாங்கினார்.

ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் தட்டுமேடையின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மாமா அசரவில்லை. ஆள்காட்டி விரலை லேபிளின் ஓரத்தில் வைத்து, முழுப் பாட்டையும் விரலாலேயே சுற்றி ஓட்டினார். பெண்வீட்டாருக்கும் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. சரியாகச் சொன்னால், பாட்டு தெரிந்திருந்தது. சுருதி இறங்கினால் விரல் தானாக முந்தும், ஏறினால் தயங்கும்.

குழாய்ச் சத்தம் மலையில் நடக்கும் விதமே தனி. விடியற்காலையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்க்காற்று தேங்கிக் கிடக்கும். மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். சத்தம் வானத்துக்குத் தப்பிப் போகாமல் வளைந்து கீழே வரும். எதிர்மேட்டுத் தோட்டத்தில் போடும் பாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எங்கள் பெரட்டுக்களத்தில் கேட்கும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று வினாடி. ஒரு பண்டிகை நாளில் இரண்டு மேட்டிலும் இரண்டு குழாய் கட்டி, தற்செயலாக ஒரே பாட்டை ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட்டார்கள். நடுவில், தேயிலைச் சரிவில் நின்ற எங்களுக்குப் பல்லவி இரண்டு தடவை வந்தது, பாடகர் தனக்குத்தானே பதில் பாடுவதுபோல. நான் கேட்ட முதல் ஸ்டீரியோ அதுதான்.

இதைச் சொல்லும்போது ஒரு கூச்சமும் வருகிறது. பழைய ஒலிபெருக்கியைப் பற்றி உருகுவது எளிது. பரீட்சைக்குப் படித்தவர்களையும், பிள்ளை பெற்றுக் கிடந்தவர்களையும், ராப்பணி முடித்துத் தூங்க வந்தவர்களையும் அது என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000இல் விதி வந்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். எம்.ஜி.ஆர். பாட்டுக்குப் பின் சிவாஜி பாட்டு போடவில்லை என்று குழாயைக் கழற்றிப் பள்ளத்தில் உருட்டிவிட்ட கதையும் எங்கள் தோட்டத்தில் உண்டு. எந்தப் பாட்டு போடுவது என்பதில் சங்கத் தலைவரின் குரலும் கங்காணி வீட்டுக் குரலும் ஓங்கியே இருந்தன. ஆனால் தமிழ்நாட்டில், அதிலும் கூலிக்காரர்களின் தமிழ்நாட்டில், இசைத்தட்டு என்பது யாரும் வீட்டில் வைத்துக்கொண்ட பொருளல்ல. ஊருக்கு ஒன்று இருந்தது. ஒருவர் போட்டார், எல்லோரும் கேட்டார்கள், கேட்க விரும்பாதவர்களும் கேட்டார்கள்.

தட்டு திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 2006இல் விற்ற எல்.பி. தட்டுகள் பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022இல் 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன, சி.டி. 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை மிஞ்சியது 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இந்தியாவில் தொண்ணூறுகளின் நடுவில் நின்றுபோன அச்சு வேலை, நவி மும்பையில் ஒரு புதிய ஆலையில் 2024இல் மறுபடி தொடங்கியிருக்கிறது. அதுவரை நம் படப்பாட்டுத் தட்டுகள் ஐரோப்பாவில் அச்சாகி வந்துகொண்டிருந்தன, கௌஹர் ஜான் காலத்தைப் போலவே.

ஐரோப்பாவில் எங்கே என்று பார்த்தால் அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. செக் நாட்டில், பிராக் நகரத்துக்குப் பக்கத்தில் லோதெனிட்சே என்றொரு சிற்றூர். அங்கே 1951இல் தொடங்கிய தட்டு ஆலை, சி.டி. வந்து உலகமே தட்டைக் கைகழுவியபோதும் பழைய அச்சு இயந்திரங்களை உடைத்து எடைக்குப் போடவில்லை. கொஞ்சமாக அச்சடித்துக்கொண்டே ஒப்பேற்றியது. இன்று உலகிலேயே அதிகத் தட்டு அச்சடிப்பது அந்த நிறுவனம்தான். வணிக அறிவு என்று சொல்லலாம். எனக்கென்னவோ, பரணில் இருக்கட்டும் என்று விட்டுவைக்கும் பாட்டிமார் புத்தி என்றுதான் படுகிறது.

அந்தப் புத்தி எங்கள் ஊருக்கு வாய்க்கவில்லை. ஊட்டியில் இந்துநகர் என்று ஒரு பகுதி. பஸ் நடத்துநர் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இறக்கிவிடுகிறார். 1960இல் மத்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தை அங்கே தொடங்கியது. தூசியில்லாத காற்று, குளிர், நல்ல தண்ணீர், ஃபிலிம் செய்ய இவை மூன்றும் வேண்டும். 1967இல் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிமின் பெயர் இந்து. இந்து என்றால் நிலா. (நிலாவின் பெயரில் ஃபிலிம் செய்த மலையில்தான் பாலு மகேந்திரா 'மூன்றாம் பிறை'யை எடுத்தார். கேத்தி ரயில் நிலையத்தில் கமல் தவிக்கும் அந்த நடைமேடையைப் பார்க்க இன்றும் ஆள் வருகிறார்கள்.) எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளைச் சினிமாச் சுருள், போட்டோத் தாள் எல்லாம் அங்கிருந்து போயின. இருட்டறையில் வேலை செய்து பழகியவர்கள் வீட்டிலும் விளக்குப் போடாமல் நடமாடுவார்கள் என்று கேலி செய்வோம். 1996இல் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். பிறகு நீண்ட காலம் இழுத்துக்கொண்டு கிடந்து மூடிப்போனது. தட்டைப் போலவே ஃபிலிமும் உலகத்தில் திரும்பி வந்தது. கோடக் நிறுவனம் கைவிட்ட ஒரு ஃபிலிம் வகையை 2018இல் மறுபடி விற்கத் தொடங்கியது. இருபது வயதுப் பிள்ளைகள் தாத்தா கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வருகிறார்கள். அவர்கள் தோளில் தொங்கும் கேமராவில் வெளிநாட்டுச் சுருள். பஸ்ஸில் இந்துநகரைத் தாண்டித்தான் அவர்களில் சிலர் போகிறார்கள்.

ஆகவே எது திரும்பி வரும், எது வராது என்பது பொருளின் அருமையைப் பொறுத்ததல்ல. அதை யார் விட்டுவைத்தார்கள், யார் காசு கொடுப்பார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் தேயிலையே சாட்சி. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரம் 1930களில் அசாமில் பிறந்தது. டீக்கடைக்கு ஏற்ற தூளைக் கொட்டியது. நீலகிரியின் பெரும்பகுதி ஆலைகள் அதற்கு மாறின. முழு இலையாக உருட்டி உலர்த்தும் பழைய முறை ஓரத்துக்குப் போயிற்று. இப்போது அந்தப் பழைய முறை அழகிய டப்பாவில் திரும்பி வருகிறது, நூறு கிராமுக்கு ஒரு நாள் கூலி விலையில். தொண்ணூறுகளின் இறுதியில் விழுந்த பச்சை இலை விலையோடு இன்னமும் மல்லுக்கட்டும் சிறு விவசாயியின் வீட்டில் கொதிப்பது சி.டி.சி. தூள்தான்.

புது எல்.பி. ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. இளையராஜாவின் பழைய தட்டுகளுக்கு வாய்க்கு வந்ததுதான் விலை. குன்னூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு நண்பர் ஒருவர் என்னையும் மாமாவையும் அழைத்துப் போனார். பழைய துரை பங்களா, கணப்பு, அதன் மேல் தட்டுமேடை. சுவரில் எல்.பி. உறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, மாமா பழைய சவுண்ட் சர்வீஸ்காரர் என்று கேட்டதும் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அங்கிள், வினைல்ல இருக்கற அந்த வார்ம்த் டிஜிட்டல்ல வராதில்ல?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். "என்ன வராதாம்?"

"கதகதப்பு, மாமா."

மாமா கணப்பைப் பார்த்தார். பிறகு அந்தத் தம்பியிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எங்க குழாயில எல்லாமே தகரச் சத்தமாத்தான் வரும் தம்பி."

அந்தப் பிள்ளையைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. அவர் ஒரு தட்டை உறையிலிருந்து எடுத்த விதத்தில், ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடித்த விதத்தில், கைக்குழந்தையைத் தூக்குகிற கவனம் இருந்தது. ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம். அது முடியும்வரை அவர் போனைத் தொடவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் ஊசி நடக்கும் தூரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளக் கீற்று. 'வி' வடிவப் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது காதுக்கு உரியது, மறு சுவரில் வலது காதுக்கு உரியது. வைர முனை அவற்றுக்கிடையே உரசிக்கொண்டே போகிறது. இதில் பிரமிக்க ஒன்றுமில்லை என்பவருடன் எனக்குப் பேச்சில்லை.

கதகதப்பு விஷயம் வேறு. இன்று அச்சாகும் தட்டுகளில் மிகப் பல, கணினியில் எண்ணாக இருந்த ஒலியிலிருந்து வெட்டப்பட்டவை. மூல நாடாவிலிருந்து நேரடியாக வெட்டியது என்று நம்பி அமெரிக்க ரசிகர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கிய தட்டுகளில், நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளிப்பட்டது. வழக்கெல்லாம் போட்டார்கள். அதுவரை அந்தக் கூர்மையான காதுகளில் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு செய்தி இன்னும் சுவையானது. அமெரிக்காவில் தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் அதை ஓட்டும் கருவி இருக்கிறது என்று 2023இல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. மீதிப் பாதிக்குத் தட்டு என்பது கொலு பொம்மை. அதிலும் தவறில்லை, கொலுவும் ஒரு பக்திதான்.

வீடு திரும்பும் வழியில் மாமா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. கட்டபெட்டு தாண்டியபோது கேட்டார்: "அந்தத் தம்பி வீட்டுல எல்லாத் தட்டும் புதுசாவே இருக்குமில்ல?"

அவர் கேட்டதன் பொருள் எனக்கு டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோதுதான் விளங்கியது. நாற்பத்தைந்து சுற்று ஈ.பி. தட்டுகளை ஒவ்வொன்றாக, சோப்புத் தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்தேன். (இவை வினைல். ஸ்பிரிட்டைத் தொடவே இல்லை.) விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் தட்டு தன் ஆயுளைக் காட்டிவிடுகிறது. அதிகம் ஓடிய இடம் சாம்பல் பூத்திருக்கும், ஓடாத இடம் கறுப்புக் கண்ணாடியாக மின்னும். எந்தப் பாட்டை ஊர் கேட்டது, எதை வேண்டாமென்று தள்ளியது, எந்தப் பாட்டில் சரணம் வருவதற்குள் ஊசியைத் தூக்கச் சொன்னது, எல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. செயலியில் ஒரு பாட்டை ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அந்தப் பாட்டு தேய்வதில்லை. பக்கத்தில் ஒரு எண் மட்டும் ஏறும்.

அப்படி ஒரு தட்டு கையில் வந்தது. படத்தின் பெயர் வேண்டாம். படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. முதல் பக்கம் முழுவதும் சாம்பல், பள்ளமே தெரியாத அளவுக்கு. ஆயிரம் கல்யாணம் கண்டிருக்கும். திருப்பினேன். அடுத்த பக்கம் அச்சுக்கூடத்திலிருந்து நேற்று வந்ததுபோல இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"மாமா, இந்தப் பக்கத்துல என்ன பாட்டு?"

அவர் காதருகில் போய்ச் சத்தமாகக் கேட்டேன். பதினைந்து வருடம் குழாய்க்குக் கீழேயே நின்றதில் அவருக்குக் காது மந்தம். லேபிளைத் தூரப் பிடித்து வாசித்தார். தலையை ஆட்டினார்.

"போட்டதில்ல. யாரும் கேக்கல."

எண்பதுகளில் கேசட் வந்தது. டீக்கடைக்கு டீக்கடை 'விதி' பட வசனம் ஓடியது. சவுண்ட் சர்வீஸ்காரருக்குத் தட்டு சுமை, கேசட் லேசு. மாமாவும் மாறினார். பிறகு மாற ஏதுமில்லாமல் கடையை மூடினார். தட்டுகளைக் கேட்டு வந்தவர்கள் எடைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அண்டா குண்டானுக்குப் பதிலாக வந்தவை அல்லவா.

நான் சொந்தமாக வைத்திருந்த சூட்கேஸ் பிளேயரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். மழை விட்டிருந்தது. மூடுபனி வாசற்படிவரை வந்து நின்றது. தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். அரைநூற்றாண்டு காத்திருந்த பக்கம் சின்னக் கரகரப்புகூட இல்லாமல் தொடங்கியது. வயலின்கள், ஒரு புல்லாங்குழல், பிறகு ஒரு பெண் குரல். எனக்குத் தெரிந்த குரல், தெரியாத பாட்டு. மாமா நாற்காலியை நெருக்கிப் போட்டு, ஒலிபெருக்கியின் துணிமேல் விரல் நுனிகளை வைத்துக்கொண்டார். அதிர்வு தெரியும் என்பார்.

முதல் சரணத்தின் நடுவில் கரண்டு போயிற்று. எங்கள் மலையில் ஐப்பசிக்கு இது சகஜம். பாட்டு கீழே கீழே இறங்கி, பெண் குரல் ஆண் குரலாகி, நின்றது.

மாமா கையை நீட்டினார். இருட்டில் தடவி, லேபிளின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். ஆம்ப்ளிபயர் இல்லாவிட்டாலும் ஊசி பாடும். காதை அருகில் கொண்டுபோனால் கேட்கும், ஒரு தும்பியின் ரீங்காரம் அளவுக்கு. குனிந்து கேட்டேன். பாட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு அது கேட்க வழியில்லை.

"சரியா ஓடுதா மாப்ள?" என்றார். "வேகமாப் போகுதா, மெதுவாப் போகுதா?"

விரல் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். இந்தப் பாட்டை நானும் இதற்கு முன் கேட்டதில்லை.